மாமன் மடிக்கு ஒரு ஷரத்து

போடி கோர்ட்டில் போட்டுக்கொண்டிருந்த கறுப்புக் கோட்டைக் கழற்றி மாட்டிக் கொஞ்ச காலம் ஆகிறது. இப்போதும் இளம் வக்கீல்கள் நீங்கள் வீடு தேடி வருகிறீர்கள். ‘மேடம், ஒரு பாகப்பிரிவினைக் கேஸில் சின்னச் சந்தேகம்’ என்று ஆரம்பிக்கிறீர்கள். சந்தோஷம்தான். ஆனால் உங்களில் யாருக்கும் சட்டத்தில் சந்தேகம் வருவதில்லை. மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்பது உங்களுக்குக் கல்லூரிப் பாடம். நான் தொழிலுக்கு வந்த புதிதில் அதைச் சொன்னால் எதிரே நிற்கும் வக்கீலே சிரிப்பார். உங்கள் சந்தேகமெல்லாம், ‘நன்றாகப் போய்க்கொண்டிருந்த வழக்கில் கட்சிக்காரப் பெண் திடீரென்று பின்வாங்குகிறாள், என்ன செய்வது?’ என்பதுதான். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. நான் கொடுத்துக் கெடுத்த பதில் ஒன்று இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

நம் பக்கத்தில் அண்ணன் தம்பிகள் கூடப் பிறந்தவளிடம் பங்கை எழுதி வாங்குகிற விதம் உங்களுக்குத் தெரியும். அடிப்பதில்லை, மிரட்டுவதில்லை. நல்லதாக ஒரு பட்டுச்சேலை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போவார்கள். அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு அவளும் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு வருவாள். ‘எனக்குள்ள பாத்தியதையை விட்டுக்கொடுக்கிறேன்’ என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவாள். பிறகு எல்லாரும் சேர்ந்து ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு அவளைப் பஸ் ஏற்றிவிடுவார்கள். அதற்குப் பதிலாக அவளுக்குக் கிடைப்பது தாய்வீடு. பொங்கலுக்குச் சீர் வரும். வீட்டில் ஒரு பிரச்சினை என்றால் கேட்க ஆள் வரும். பிள்ளைக்குக் காது குத்த மாமன் மடி கிடைக்கும். பங்கு கேட்டவளுக்கு இதில் எதுவும் கிடையாது. இந்தப் பேரம் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. ஆனாலும் ஊரில் எல்லாருக்கும் அத்துபடி.

இதில் எனக்கு ஆத்திரம் தீராத விஷயம் ஒன்று உண்டு. மாமனாக இருப்பதற்காகத் தன் பங்கை எழுதிக் கொடுத்த ஆண்பிள்ளையை இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததே இல்லை. அத்தையாக இருப்பதற்குத்தான் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஜெயக்கொடி சிலமலையில் பிறந்து ராசிங்காபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே கணவன் மஞ்சள்காமாலையில் இறந்துபோனான். கையில் ஒரே பெண் குழந்தை, தர்ஷினி. ஜெயக்கொடியின் அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தார். சிலமலையில் ஒரு வீடு, கிணற்றோடு கொஞ்சம் தோட்டம், போடிமெட்டுக்கு இந்தப் பக்கத்துச் சரிவில் ஏலத்தோட்டம். எல்லாவற்றையும் அண்ணன் சுருளிவேல் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயக்கொடியோ விடிவதற்குள் ஜீப்பில் ஏறி, யார் யாருடைய தோட்டத்திலோ கூலிக்கு ஏலக்காய் எடுத்துக்கொண்டிருந்தாள்.

“ஜீப்பு எங்கப்பா தோட்டத்தைத் தாண்டித்தான் போகுது வக்கீலம்மா,” என்றாள் என்னிடம் முதல் நாள். “நான் அந்தப் பக்கம் திரும்பிப் பாக்குறதில்ல. பாத்தா அன்னைக்குப் பூரா கை ஓடாது.”

அண்ணன் சேலையோடு வந்திருக்கிறார். இவள், “சேலை வேணாம்ணே. மேல இருக்கிறதுல எம்பங்கைப் பிரிச்சுக் குடு, நான் பொழச்சுக்கிறேன்,” என்று சொல்லியிருக்கிறாள். அவர் சேலையைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சேலையைப் பெட்டி பிரிக்காமல் மஞ்சப்பையில் போட்டு என்னிடம் கொண்டுவந்து, “இதையும் கோர்ட்டு வழியாவே திருப்பிக் குடுத்துருங்க,” என்றாள். அந்த ரோஷம் எனக்குப் பிடித்திருந்தது. இந்தப் பெண்ணுக்காக உயிரைக் கொடுத்து வாதாடலாம் என்று நினைத்தேன்.

வழக்குப் போட்டோம். சம்மன் கொண்டுபோன ஆள் சுருளிவேலை வீட்டில் பிடிக்க முடியாமல், தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்த ஜீப் ஸ்டாண்டில் வைத்து, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டார். அதோடு பேச்சுவார்த்தை அறுந்தது. வாய்தா மேல் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஜெயக்கொடிக்கு ஒரு நாள் கூலி போகும். முணுமுணுக்காமல் வருவாள். வழக்கு வளர வளர தர்ஷினியும் வளர்ந்தாள். காது மட்டும் குத்தாமல் மூளியாகவே இருந்தது.

பள்ளிக்கூடத்தில் பிள்ளையைக் கேலி செய்கிறார்கள் என்று ஜெயக்கொடி ஒருநாள் சொல்லி அழுதாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. “பஜாரில் நகைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போ, ஒரு நிமிஷத்தில் குத்திவிடுவார்கள். காது குத்துவதற்கு எதற்கு ஒரு மாமன்?” என்று கேட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். “காது குத்துறதுக்கு மாமன் வேணாம் வக்கீலம்மா. எம்புள்ளைக்குத்தான் மாமன் வேணும். அப்பன்தான் இல்லாமப் போயிட்டான்.”

சாட்சிக்குத் தயார் செய்ய வேண்டிய வேலை இருந்தது, அதைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

சாட்சி விசாரணை எல்லாம் முடிந்து, தீர்ப்பு நமக்குத்தான் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்ட கட்டத்தில், ‘குடும்ப விஷயம், ஒரு தடவை பேசிப் பாருங்கள்’ என்று நீதிபதி எங்களைச் சமரச மையத்துக்கு அனுப்பினார். ஒரு நீள மேஜை. இந்தப் பக்கம் நானும் ஜெயக்கொடியும். அந்தப் பக்கம் சுருளிவேலும் அவருடைய வக்கீலும். நடுவில் சமரசம் பேசுகிறவர்.

சுருளிவேல் முதலில் ஜீப் ஸ்டாண்ட் அவமானத்தில்தான் ஆரம்பித்தார். “எங்கப்பனை மதுரை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் தூக்கிச் சுமந்தவன் நான். என்னைய ஜீப்பு ஸ்டாண்டுல வச்சுத் திருடன் மாதிரி பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. இவ வாய் விட்டுக் கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா?”

வழக்குக்கு வருகிற எல்லா அண்ணன்களும் சொல்கிற வசனம் இது. பாதிப் பேர் சொல்வது பொய். இவள் வாய் விட்டுத்தானே கேட்டாள் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் தங்கையைப் பார்க்காமல், மேஜையைப் பார்த்துக்கொண்டே, “புள்ள எத்தனாவது படிக்குது?” என்று கேட்டார்.

“மூணாவதுண்ணே.”

“நல்லாப் படிக்குதா?”

“கணக்குல உன்னைய மாதிரி.”

அவர் லேசாகச் சிரித்தார். அண்ணனும் தங்கையும் பல வருஷத்துக்குப் பிறகு பேசிக்கொண்ட பேச்சு அது. இன்னும் கொஞ்ச நேரம் அந்த மேஜையில் மற்ற மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். ஆனால் வக்கீல்களுக்கு மௌனம் ஆகாது. எதிர்த்தரப்பு வக்கீல் உடனே ஒரு யோசனை சொன்னார்: வீடும் கீழே உள்ள தோட்டத்தில் பாதியும் ஜெயக்கொடிக்கு, மலைத்தோட்டம் முழுக்கச் சுருளிவேலுக்கு. நான் ஒரேயடியாக மறுத்தேன். இருந்த சொத்தில் பெறுமானம் உள்ளதே மலைத்தோட்டம்தான்.

ஜெயக்கொடி என் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள். “மேல உள்ளதை அண்ணனே வச்சுக்கிரட்டும். வந்து புள்ளைய மடியில உக்கார வச்சுக் காது குத்திவிடட்டும். அது போதும்.”

அவளை வெளியே வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். “உனக்குப் பைத்தியமா? ஜெயிக்கிற வழக்கு. மலைத்தோட்டத்தில் பாதி உன் கைக்கு வரப்போகிறது. இனிமேல் யார் தோட்டத்திலும் நீ கூலிக்கு நிற்க வேண்டாம்,” என்றேன்.

“நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா அந்தப் புள்ளைக்கு யாரு இருக்கா? தோட்டமா வந்து முன்னால நின்னு பேசும்?” என்றாள்.

அந்த இடத்தில் நான் ஒரு வாய்தா கேட்டிருக்கலாம். அவளை ஒரு வாரம் வீட்டில் இருந்து யோசிக்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் உள்ளே சமரசம் பேசுகிறவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து கோர்ட் விடுமுறை. ‘இன்றைக்கே முடித்துவிடுங்கள் அம்மா, இப்படி ஒத்துவருவது அபூர்வம்’ என்று அவர் வேறு சொல்லியிருந்தார். கட்சிக்காரி முடிவு எடுத்துவிட்டாள், அவள் கொடுக்கிற விலைக்கு உரிய சரக்கையாவது ஒழுங்காக வாங்கிக் கொடுப்போம் என்று நினைத்தேன். இதை எழுதும்போதே அந்த வார்த்தைகள் எனக்குக் கூசுகின்றன. ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

உள்ளே போய்ச் சொன்னதும் சுருளிவேல் தலையை ஆட்டினார். “சரி, வர்றேன். அதையெல்லாம் எழுத வேணாம் வக்கீலம்மா. எந்தங்கச்சி மகதான. நானே வர்றேன்.”

அவர் குரல் கம்மியிருந்தது. அது எனக்குக் கேட்கவும் செய்தது. ஆனால் இதே போல் குரல் கம்மச் சொல்லிவிட்டு, கையெழுத்து வாங்கியதும் போனை எடுக்காத அண்ணன்களை நான் நிறையப் பார்த்திருந்தேன். அந்த அனுபவத்தில் எனக்குக் கர்வமும் இருந்தது.

“எழுத்தில் வரட்டும்,” என்றேன்.

அவர் முகம் அப்படியே மாறியது. தங்கையைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். “எழுதிக்கங்க,” என்றார் சுருளிவேல்.

நான் ஒன்றையும் விடாமல் எழுதினேன். தாய்மாமன் என்ற முறையில் குலதெய்வக் கோயிலுக்கு வந்து, குழந்தைக்கு மாலை போட்டு, தன் மடியில் உட்கார வைத்து, கம்மலும் துணிமணிகளும் சீர்த்தட்டுகளும் வைத்துக் காதணி விழாவை நடத்திக் கொடுக்க வேண்டியது என்று தெளிவாக ஒரு ஷரத்து. அன்றே இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினோம்.

விடுமுறை முடிந்து சமரச மனுவைக் கோர்ட்டில் கொடுத்தபோது நீதிபதி அந்த ஷரத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “இவர் வராவிட்டால் என்னம்மா செய்வீர்கள்? அமீனாவை அனுப்பி மாமன் மடியை ஜப்தி செய்யச் சொல்வீர்களா?”

கோர்ட்டே சிரித்தது. நான் அதற்கும் தயாராக வந்திருந்தேன். ஜப்தி வேண்டாம், விழா நடந்து முடிந்த பிறகுதான் மலைத்தோட்டத்துக்கான விடுதலைப் பத்திரம் பதிவாகும் என்று நிபந்தனையாகப் போட்டுக்கொள்கிறோம் என்றேன். நீதிபதி மறுபடியும் கண்ணாடியை மாட்டினார். பிறகு, “கெட்டிக்காரத்தனம்தான்,” என்று சொல்லிப் பதிவு செய்தார். அன்று வக்கீல்கள் அறையில் எனக்கு டீயும் பஜ்ஜியும் வந்தன. பாராட்டாத ஆள் இல்லை. நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஜெயக்கொடி மட்டும் படியில் இறங்கும்போது, “எழுதியாச்சுல்ல, கண்டிப்பா வருவாகளா?” என்று கேட்டாள்.

“வராமல் இருக்க முடியாது,” என்றேன்.

“வராம இருக்க முடியாதா,” என்று அவள் அதையே மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். எனக்கு அடுத்த வழக்குக்கு நேரமாகியிருந்தது.

காதுகுத்து சிலமலையில், அவர்கள் குலதெய்வக் கோயிலில் நடந்தது. எனக்கும் அழைப்பு. சொன்ன நேரத்துக்குச் சுருளிவேலின் ஜீப் வந்து நின்றது. சீர்த்தட்டில் குறை சொல்ல முடியாது. எழுதியதற்கு மேலாகவே இருந்தது. பட்டுப்பாவாடை, தங்கக் கம்மல், மாலை, பழம், பலகாரம். கூடவே அவருடைய வக்கீலின் குமாஸ்தாவும் ஒரு போட்டோகிராபரும் இறங்கினார்கள். குமாஸ்தாவைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. நிபந்தனை நிறைவேறியதற்கு நாளைக்கு அத்தாட்சி வேண்டும். நான் அவருடைய வக்கீலாக இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பேன்.

மாலை கனத்ததில் தர்ஷினி கழுத்தைச் சாய்த்துக்கொண்டே மாமன் மடியில் உட்கார்ந்தாள். புது ஆள் மடி. கூச்சத்தில் நெளிந்தாள். ஆசாரி முதல் காதைக் குத்தியதும் வீல் என்று அலறி, அப்படியே திரும்பி அவர் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சுருளிவேலின் கை தானாக எழுந்து அவள் தலைக்குப் போனது. நான் பார்த்தேன். ஜெயக்கொடியும் பார்த்தாள்.

“அண்ணே, இந்தப் பக்கம் பாருங்க. முகம் மறைக்குது,” என்றார் போட்டோகிராபர்.

கை இறங்கிவிட்டது. அவர் நிமிர்ந்து கேமராவைப் பார்த்தார். குமாஸ்தா குழந்தையின் முகத்தைப் பிடித்து முன்னால் திருப்பிவிட்டார். இரண்டாவது காதும் முடிந்தது. “எடுத்தாச்சா?” என்று சுருளிவேல் கேட்டார். எடுத்தாயிற்று என்றதும் குழந்தையைத் தூக்கி ஜெயக்கொடியிடம் கொடுத்துவிட்டு எழுந்தார்.

கிடா வெட்டிச் சமைத்திருந்தார்கள். முதல் பந்தியில் முதல் இலை மாமனுக்கு. அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். ஜெயக்கொடி பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டே ஓடினாள். “அண்ணே, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போண்ணே.”

“சோலி கெடக்கு.”

“கை நனைக்காமப் போகாதண்ணே. உனக்குன்னுதான் எலை போட்டிருக்கு. எல்லாரும் பாக்குறாகள்ல.”

அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். “வக்கீலம்மா, நீங்க எழுதுனதுல ஏதாச்சும் விட்டுப்போச்சா? இருந்தா இப்பவே சொல்லுங்க, செஞ்சுட்டு வெரசாக் கெளம்புறேன்.”

எதுவும் விட்டுப்போகவில்லை. சாப்பிட வேண்டும் என்று நான் எழுதவில்லை. அதையெல்லாம் யாராவது எழுதுவார்களா? “இல்லை,” என்றேன். ஜீப் கிளம்பிப் போய்விட்டது.

சீரைச் செய்துவிட்டுக் கை நனைக்காமல் போனால் நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உறவைக் கணக்குத் தீர்த்துவிட்டுப் போகிறார் என்று பந்தியில் இருந்த அத்தனை பேருக்கும் புரிந்தது. அந்த இலையில் வேறு யாரும் உட்காரவில்லை. நான் சாப்பிட்டேன். நானும் சாப்பிடாமல் எழுந்தால் அவளுக்கு இன்னும் அவமானம் என்று நினைத்து, இலையில் வைத்ததை மிச்சமில்லாமல் சாப்பிட்டேன்.

அன்றிலிருந்து இதை மனசுக்குள் எத்தனையோ விதமாக வாதாடிப் பார்த்துவிட்டேன். எழுதாமல் விட்டிருந்தால் அவர் வராமலே போயிருக்கலாம். போயிருக்கட்டுமே, அது அவருடைய குறையாக இருந்திருக்கும். ஒருவேளை தானாகவே வந்திருப்பார். தானாக வருகிற பாதையை நான்தான் அடைத்தேன். அவள் பங்கு அவளுடைய உரிமை. அதை எதற்கும் விலையாகக் கொடுக்க நான் துணை போயிருக்கக் கூடாது. மாமன் மடி உரிமை இல்லை, அதைக் கோர்ட்டுக்குள்ளேயே கொண்டுவந்திருக்கக் கூடாது. நான் இரண்டையும் ஒரே தாளில் எழுதி ஒன்றுக்கு ஒன்று ஈடாக்கினேன். அவளுக்கு மலைத்தோட்டமும் போனது, அண்ணனும் போனார். உங்கள் கட்சிக்காரப் பெண் பின்வாங்கினால் அவளைத் திட்டாதீர்கள், அவசரப்படுத்தாதீர்கள். வாய்தா வாங்குங்கள். நீதிபதி கோபித்துக்கொண்டாலும் வாங்குங்கள். அவள் வீட்டாரிடம் அவளே பேசட்டும், நீங்கள் வெளியே போய் நில்லுங்கள். பங்குக்கு மட்டும் கடைசி வரைக்கும் விடாமல் வாதாடுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பெரிய விலை கொடுத்துத் தெரிந்துகொண்டேன். அந்த விலையை நான் கொடுக்கவில்லை என்பதுதான் வேதனை.

அடுத்த வாரம் பத்திரப்பதிவு. ஜெயக்கொடி தினமும் ஏலக்காய் எடுக்கப் போகிற பழைய சேலையிலேயே வந்திருந்தாள். “இன்னும் நீ கையெழுத்துப் போடவில்லை. வேண்டாம் என்றால் சொல், ஏதாவது வழி பார்க்கிறேன்,” என்றேன். வழி எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும்.

“அவுக செஞ்சுட்டாக வக்கீலம்மா. நானும் செஞ்சுர்றேன்,” என்றாள்.

வழக்கு நடந்த அத்தனை வருஷமும் ‘அண்ணன்’ என்பதைத் தவிர அவரை அவள் வேறு பெயரில் சொன்னதே இல்லை. கூண்டில் ஏறி நின்று சாட்சி சொன்னபோதுகூட ‘எங்கண்ணன்’ என்றுதான் ஆரம்பிப்பாள். எதிர்த்தரப்பு வக்கீல் ‘பிரதிவாதி என்று சொல்லுங்கள்’ என்று திருத்துவார். சரி என்று தலையாட்டிவிட்டு மறுபடியும் ‘எங்கண்ணன்’ என்பாள்.

பதிவு அலுவலர் பத்திரத்தைப் புரட்டினார். முழுச் சம்மதத்தோடுதான் எழுதிக் கொடுக்கிறாயா என்று கேட்டார். ஆமாம் என்றாள். குடும்பத்துக்குள் எழுதுகிற விடுதலைப் பத்திரத்துக்குக் கட்டணம் குறைவு, அதனால் உறவையும் கேட்டாக வேண்டும். அவர் பக்கத்தில் நின்ற சுருளிவேலைக் காட்டி, “இவரு உனக்கு என்ன வேணும்மா?” என்றார்.

“பிரதிவாதிங்கய்யா.”

அலுவலர் சிரித்துவிட்டார். “அது கோர்ட்டுலம்மா. நான் கேட்டது உறவு.”

சுருளிவேல் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் தரையைப் பார்த்தபடி நின்றாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். அலுவலர் மறுபடியும் கேட்டார். கடைசியில் வக்கீல் என்கிற முறையில் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“உடன்பிறந்தவர்,” என்றேன்.